பழைய வீடியோ கேம் கேசட்டுக்குப் பெட்டி: வேலூரில் டிசைன் செய்து அச்சடிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொலைக்காட்சியோடு இணைத்த கருவியில் செருகி விளையாடிய மஞ்சள் நிறக் கேசட்டுகள் பழைய சாமான் கடையில் இன்னும் கிடைக்கின்றன. பெட்டிதான் கிடைப்பதில்லை. தாமே ஒரு விளையாட்டை எழுதிக் கேசட்டில் ஏற்றுகிறவர்களுக்கும் இதே குறைதான்: கேசட் தயார், போட்டுக்கொடுக்கப் பெட்டி இல்லை. இந்த இரு தரப்பினருக்காகவும் இதை எழுதுகிறேன். கேசட்டுக்குள் இருக்கும் சிப், சர்க்யூட் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அட்டை, எழுத்து, படம், அச்சு, அவ்வளவே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டைப்படத்தில் தொடங்காதீர்கள். ஆசை அங்கேதான் இழுக்கும், காசும் நாளும் அங்கேதான் வீணாகும். முதலில் அளவு, பிறகு எழுத்து, கடைசியாகத்தான் படம்.

1. விளையாட்டு யாருடையது?

உங்களிடம் அசல் கேசட் இருந்து பெட்டி மட்டும் தொலைந்திருந்தால், அலமாரியில் வைக்க ஒரு பெட்டி செய்துகொள்ளலாம். அப்போதும் பழைய அட்டைப்படத்தை ஸ்கேன் செய்து அடிப்பதைவிடப் புதிதாக வரைந்துகொள்வதே நல்லது. விளையாட்டு நீங்கள் எழுதியது என்றாலோ, எழுதியவர் அனுமதி தந்திருக்கிறார் என்றாலோ தடையே இல்லை. ஜி.பி. ஸ்டுடியோ போன்ற இலவசக் கருவிகளால் கேம் பாய் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவிக்குப் புதிய விளையாட்டு செய்வது இப்போது கல்லூரி மாணவர்களுக்கும் எட்டும் வேலை.

புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் விளையாட்டை நகலெடுத்து, அதே பெட்டியைப் போலச் செய்து விற்கலாம் என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். லோகோவையும் போட்டால் வணிகச் சின்னச் சட்டம் தனியாக வரும். “இது ரசிகர்கள் செய்தது, அந்த நிறுவனத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை” என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவது எவரையும் காப்பாற்றாது.

அனுமதி வாங்கும்போது வாய்வார்த்தையோடு விடாதீர்கள். எந்த விளையாட்டு, எத்தனை பிரதி, இலவசமா விற்பனையா, படத்தை மாற்றலாமா என்ற நான்குக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்படத்தை வேறொருவர் வரைகிறார் என்றால் அவரோடும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இது பலருக்கும் தெரிவதில்லை: உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான் செல்லும். வெளிநாட்டு நண்பருக்கு நாலு பெட்டி அனுப்பும் எண்ணம் இருந்தால் ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொற்களைச் சேர்க்க மறக்காதீர்கள்.

2. வெள்ளை அட்டையில் ஒரு மாதிரி

இணையத்தில் கிடைக்கும் அளவுகளை அப்படியே நம்ப வேண்டாம். நம் ஊரில் புழங்கிய 60 பின் (கருவியில் செருகும் உலோக முனை) கேசட்டுகளைச் செய்தவர்கள் பலர். கூட்டுக்குக் கூடு ஓரிரு மில்லிமீட்டர் மாறும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் எஃகு ஸ்கேல் போதும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து ஒவ்வொன்றிலும் 2 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேசட் 110 × 72 × 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 112 × 74 × 20 ஆகும். விரித்துப் போட்டால் குறுக்கே முன்பக்கம் 74, பக்கவாட்டு 20, பின்பக்கம் 74, இன்னொரு பக்கவாட்டு 20, ஒட்டுவதற்கான மடிப்பு 14, ஆக 202 மி.மீ. உயரத்தில் நடு உடம்பு 112, மேலே மூடி 20, அது உள்ளே செருகும் நாக்கு 15, கீழேயும் அதே 35, ஆக 182 மி.மீ. சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நீட்டி அடிக்கும் பட்டை) சேர்த்தால் 208 × 188. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ.; எனவே 208ஐ அகலவாக்கில் வைத்தால் ஏ4 பிரிண்டரில் ஓரம் அடிபடும், நீளவாக்கில் திருப்பி வைத்தால் ஒரு பெட்டி வரும். பிரஸ்களில் இருக்கும் 12 × 18 அங்குல ஷீட்டில் இரண்டு பெட்டி தாராளமாக வரும். செலவுக் கணக்கெல்லாம் இந்த ‘ஷீட்டுக்கு இரண்டு’ என்பதில்தான் நிற்கிறது.

இந்த அளவை ஒரு வெள்ளை அட்டையில் பென்சிலால் வரைந்து, வெட்டி, மடித்து, கேசட்டைப் போட்டுப் பாருங்கள். பெட்டியைக் கவிழ்த்தால் கேசட் தானாக வழுக்கி வர வேண்டும், குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. விளக்கத் தாள் ஒன்றும் உள்ளே வைக்கப்போகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தடிமனில் இன்னொரு மில்லிமீட்டர் தேவைப்படும்.

அவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்குக் குறுக்கு வழி டி.வி.டி. உறை. அதன் தாள் 273 × 183 மி.மீ., நடு முதுகு 14 மி.மீ. உள்ளே கேசட்டைப் பிடித்துக்கொள்ளப் பஞ்சு அட்டை வெட்டி வைக்க வேண்டும். பார்க்கச் சுமார்தான், ஆனால் ஒரே மாலையில் முடியும்.

3. எழுத்தை எழுதி முடிப்பது

பெட்டியின் ஆறு பக்கத்திலும் என்ன எழுத்து வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முன்பக்கம் விளையாட்டின் பெயர் மட்டும். முதுகில், அதாவது அலமாரியில் வெளியே தெரியும் பக்கவாட்டில், அதே பெயர், மேலிருந்து கீழாக. பின்பக்கம்தான் வேலை வாங்கும்.

பழைய பெட்டிகளின் பின்பக்க வாசகத்துக்கு ஒரு தோரணை உண்டு: கொஞ்சம் மிகை, கொஞ்சம் மிரட்டல், வாங்குகிறவனை நேரே கூப்பிடும் குரல். வேலூர்க் கோட்டையை வைத்து ஒரு விளையாட்டு என்றால், “அகழிக்குள் முதலை. மதில்மேல் பீரங்கி. நடுவில் நீங்கள்.” என்று தொடங்கலாம். “இந்த விளையாட்டு உங்களுக்கு மகிழ்ச்சியான அனுபவத்தை வழங்கும்” என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நாற்பது சொல்லுக்குள் நிறுத்துங்கள். அதன்கீழே உபயோகமான தகவல்: ஒருவர் ஆடுவதா இருவரா, எத்தனை கட்டம், ஆட்டத்தைச் சேமிக்கும் பேட்டரி உண்டா. பேட்டரி இல்லையென்றால் ‘கட்டம் முடிந்ததும் வரும் கடவுச்சொல்லைக் குறித்துக்கொள்ளவும்’ என்று போடுங்கள். பட்டன் செல் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கும்படி ஓர் எச்சரிக்கை வரி கட்டாயம் சேருங்கள். எந்தக் கருவியில் ஓடும் என்பதைச் சாதாரண எழுத்தில் ஒரு வரியாக எழுதலாம். அந்தக் கருவியின் லோகோவைப் போடாதீர்கள்.

அசல் பெட்டியைப் பார்த்து வரைகிறவர்கள் மாட்டிக்கொள்வது முத்திரைகளில்தான். தங்க நிற வட்ட முத்திரை, வயதுக் குறியீட்டுக் கட்டம், பார்கோடு, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவை அழகுக்குப் போடுகிறவை அல்ல. ஒவ்வொன்றும் ஒருவருக்குச் சொந்தம், அல்லது உரிமம் பெற்றவர் மட்டுமே போடக்கூடியது. பார்கோடு வேண்டுமென்றால் ஜி.எஸ்.1 இந்தியாவிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் நாட்டு எண் 890 என்று தொடங்கும். பத்திருபது பெட்டிக்கு அது தேவையே இல்லை. அந்த இடத்தில் ‘புதிய மறுஉருவாக்கம்’ என்று ஆண்டோடு போடுங்கள். நாளை யாரும் அதை அசல் என்று சொல்லிப் பத்து மடங்கு விலைக்கு விற்க முடியாது.

விற்கப்போகிறீர்கள் என்றால் வேறு கணக்கு. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள்படி தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம். தமிழில் மட்டும் இருந்தால் செல்லாது. பெட்டி முழுக்கத் தமிழில் இருக்கட்டும் என்று ஆசையாகச் செய்கிறவர்கள், பின்பக்கத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு சிறு கட்டம் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். பொட்டலமிடுபவராகப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்: தொழில் தொடங்கி 90 நாளுக்குள், கட்டணம் 500 ரூபாய், நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையிடம். ‘பொம்மை’, ‘சிறுவர் விளையாட்டுச் சாமான்’ போன்ற சொற்களைத் தவிருங்கள். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அந்த வலையில் நீங்களாகப் போய் விழ வேண்டாம்.

4. தமிழ் எழுத்துரு

நான் மிகவும் அல்லாடியது இதில்தான். நம் ஊர் டி.டி.பி. கடைகள் பெரும்பாலும் திருமண அழைப்பிதழிலும் பிளெக்ஸிலும் வாழ்கிறவை. அவர்களிடம் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள் பலவும் யூனிகோடுக்கு (இன்று கைப்பேசியும் கணினியும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறை) முந்தியவை. நீங்கள் கைப்பேசியில் தட்டச்சு செய்து கொண்டுபோகும் யூனிகோடு எழுத்தைக் கடையின் பழைய கோரல் டிரா பதிப்பில் ஒட்டினால், ‘கோட்டை’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். உடனே கடைக்காரர், “வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் தம்பி, நாங்களே அடித்துக்கொள்கிறோம்” என்பார். அன்பாகத்தான் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுபடி அடிக்கும்போது சந்திப் பிழையும் ளகர ழகரக் குழப்பமும் புகுந்துவிடும். அவசரத்தில் நம் கண்ணிலும் படாது.

இதற்குத் தீர்வு: டிசைனை வீட்டிலேயே முடித்து, எழுத்தை எல்லாம் ‘கர்வ்’ ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பி.டி.எப். ஆகக் கொண்டுபோவது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், தமிழை ஒழுங்காகக் காட்டும், எழுத்தைப் பாதையாக மாற்றும் வசதியும் அதில் உண்டு. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் செய்கிறவர்கள் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அங்கேயும் கொம்பு பிரியும். கர்வ் ஆக்குவதற்குமுன் உள்ள கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள். கர்வ் ஆனபிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி, மீரா இனிமை ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. விற்கும் பெட்டியிலும் போடலாம். தலைப்புக்குப் பலூ தம்பி பொருத்தமாக இருக்கும், உருண்டு திரண்ட எழுத்து. பின்பக்கத்துக்கு முக்தா மலர் போதும். ஆனால் தலைப்பை முடிந்தால் கையால் எழுதுங்கள். ஊரில் சுவர் விளம்பரம் எழுதிய ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் விளையாட்டின் பெயரை ஒரு சார்ட் தாளில் தூரிகையால் எழுதி வாங்கி ஸ்கேன் செய்தால், எந்த எழுத்துருவாலும் தர முடியாத அந்தக் காலத்துக் களை தானாக வந்துவிடும்.

அளவு விஷயம். ஆங்கிலத்தில் 6 பாயின்டில் அடித்தால் படிக்கலாம், தமிழில் முடியாது. ணை, ஞ, ழ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 8 பாயின்டுக்குக் கீழே போகாதீர்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் 9. காரணம் புள்ளி. வெள்ளை எழுத்தைச் சுற்றியிருக்கும் மை சற்றே பரவும். பரவினால் முதலில் சாவது எழுத்தின் தலைமேல் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி. ‘அகழிக்குள் முதலை’ என்பது ‘அகழிககுள முதலை’ ஆகிவிடும். திரையில் பார்த்தால் தெரியாது. அச்சான அட்டையைக் கண்ணருகே வைத்தால்தான் தெரியும்.

5. படம்

குடியாத்தம் தீப்பெட்டி லேபிளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று நிறம், ஓர் உருவம், ஒரு பெயர். பத்தடி தூரத்திலிருந்து அடையாளம் தெரியும். கேசட் பெட்டியின் முகமும் அந்த அளவுக்குத்தான் பெரிது. நாயகன், வில்லன், கோட்டை, விண்கலம், வெடிப்பு எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம்.

பின்பக்கத்தில் போடும் விளையாட்டுத் திரைக்காட்சிகளில் கவனம் தேவை. கேம் பாயின் திரை 160 × 144 புள்ளிகள்தான். 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அப்படியே அச்சடித்தால் கட்டைவிரல் நகத்தளவு வரும். நான்கு மடங்காக்கினால் 640 × 576, அச்சில் ஏறக்குறைய 54 × 49 மி.மீ. பெரிதாக்கும்போது முழு மடங்காகவே ஆக்குங்கள். இரண்டு, மூன்று, நான்கு சரி, இரண்டரை கூடாது. மென்மையாக்கும் வசதியை அணைத்து ‘அண்மைப் புள்ளி’ (Nearest Neighbor) முறையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் கட்டங்கள் எல்லாம் மங்கிக் குழம்பிவிடும். என்.இ.எஸ். வகை, அதாவது தொலைக்காட்சியோடு இணைத்துக் கேசட் செருகும் பழைய கருவிகளின் படம் 256 × 240. அதன் புள்ளி சதுரம் இல்லை, தொலைக்காட்சியில் 8:7 என்ற கணக்கில் அகன்று தெரியும். உங்கள் வட்டமான பந்து அச்சில் முட்டைபோலத் தெரிந்தால் காரணம் இதுதான்.

திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் சி.எம்.ஒய்.கே. (நான்கு மை) அச்சில் மங்கிவிடும். மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள், அல்லது தொடக்கத்திலேயே ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் பக்கம் சாயுங்கள்.

6. கடைக்குக் கொண்டுபோகும் கோப்பு

சி.எம்.ஒய்.கே. பி.டி.எப்., படங்கள் 300 டி.பி.ஐ., சுற்றிலும் 3 மி.மீ. பிளீட், முக்கியமான எழுத்து எதுவும் வெட்டுக்கோட்டுக்கு 4 மி.மீ. அருகில் வராமல். இங்க்ஸ்கேப் கோப்பு ஆர்.ஜி.பி.யில் (திரைக்கான நிறமுறை) இருக்கும், அதை ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் எடுத்துப்போட்டு மாற்றலாம். சிறு எழுத்துகளுக்குத் தனிக் கறுப்பு மட்டும், அதாவது கே 100. நான்கு மையும் கலந்த கறுப்பில் சிறு எழுத்தை அடித்தால் நிழல் விழுந்ததுபோல இரட்டையாகத் தெரியும்.

வெட்டுக்கோட்டையும் மடிப்புக்கோட்டையும் தனிப் பக்கமாகக் கொடுங்கள். படத்தின்மேல் வரைந்து கொடுத்தால் கோடும் சேர்ந்து அச்சாகி வந்து நிற்கும். பென்டிரைவோடு, நீங்கள் செய்த வெள்ளை மாதிரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதை மேசைமேல் வைத்துவிட்டால் பேச வேண்டியது பாதியாகக் குறையும்.

7. தாளும் செலவும்

300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு போதும். 350 போட்டால் கையால் மடிப்பது கடினம். நீளமான மடிப்புக்கோடுகள் தாளின் நார் ஓடும் திசையிலேயே இருக்கும்படி ஷீட்டில் வைக்கச் சொல்லுங்கள். குறுக்கே மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளையாகத் தெரியும். லேமினேஷன் அச்சுக்குப் பின், கிரீசிங்குக்கு (மடிப்புக்கோட்டை அழுத்திப் பதிப்பது) முன். மேட் லேமினேஷனில் விரல் ரேகை குறைவாகத் தெரியும், ஆனால் அந்தக் காலத்துப் பெட்டியின் பளபளப்பு வேண்டுமென்றால் கிளாஸி லேமினேஷன்தான். ஒட்டுமடிப்பின்மேல் லேமினேஷன் இருந்தால் பெவிகால் பிடிக்காது. அந்த 14 மி.மீ. பட்டையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள்.

எனக்கு 12 × 18 ஷீட் ஒருபக்க அச்சுக்கு 35 ரூபாயும், லேமினேஷனுக்கு 12 ரூபாயும் ஆனது. இருபது பெட்டிக்குப் பத்து ஷீட், வீணாவதற்கு இரண்டு. ஆக அச்சு 420, லேமினேஷன் 144, மொத்தம் 564. பெட்டிக்கு 28 ரூபாய்ச் சொச்சம். கடைக்குக் கடை மாறும். சொல்லும் விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இந்த எண்ணிக்கைக்கு டை (பெட்டியின் வடிவிலேயே வெட்டும் கத்தி அச்சு) செய்வது வீண்செலவு; எஃகு ஸ்கேலும் கத்தியும் கொண்டு கையால் வெட்டுங்கள், மடிப்புக்கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடிடுங்கள். நூறைத் தாண்டினால் டை பற்றி யோசிக்கலாம். ஆப்செட், சிவகாசி எல்லாம் ஆயிரக்கணக்கில் அடிக்கிறவர்களுக்கு.

கேசட்மேல் ஒட்டும் லேபிளுக்குக் காகித ஸ்டிக்கர் வேண்டாம். நம் ஊர் கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைத்த கேசட்டில் அதன் ஓரம் சுருண்டு மேலே எழும். வினைல் ஸ்டிக்கரில் அடித்து லேமினேஷன் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஷீட்டிலேயே பல லேபிள் வந்துவிடும்.

8. எப்போது போவது

தை, வைகாசி, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் நம் இருபது பெட்டியை எந்தப் பிரஸ்காரரும் கண்டுகொள்ள மாட்டார். அழைப்பிதழ்க் கட்டுகளுக்கு நடுவில் நம் பென்டிரைவ் தூங்கும். டிசம்பரில் காலண்டர், டைரி. தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். ஆடி மாதம் போங்கள். அப்போதுதான் கடைக்காரருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், மாதிரி ஒன்றை அடித்துக் காட்டவும் மனம் வரும். மற்ற மாதங்களில் என்றால் வேலைநாளில் காலை பத்தரைக்குமேல், மதியச் சாப்பாட்டுக்குமுன் போவது உத்தமம்.

மாதிரி ஒரு ஷீட் அடிக்காமல் மொத்தத்தையும் அடிக்கச் சம்மதிக்காதீர்கள். அந்த ஷீட்டுக்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள். அதை அங்கேயே படிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய், வெட்டி மடித்து, கேசட்டைப் போட்டு, டிசைனைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து எழுத்து முழுவதையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். திருத்திய கோப்பைக் கொடுக்கும்போது பழைய கோப்பைக் கடையின் கணினியிலிருந்து நீக்கச் சொல்லி, புதியதன் பெயரில் தேதியைச் சேருங்கள். மொத்தமும் அடித்து வந்ததும் மேலே இருக்கும் ஷீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். கட்டின் நடுவிலிருந்து இரண்டை உருவிப் பாருங்கள். டை உங்கள் காசில் செய்தது என்றால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை வேறு பிரஸ்ஸுக்குப் போனாலும் உதவும்.